மாத்திரைச் சீட்டோடு ஒரு நோட்டும்

ஈ.பி. பில் கட்டலாமென்று ஒரு பெண் போனை எடுக்கிறார். மேலே ஒரு வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கிறது. அதைப் படித்ததும் நாளைக்கு அண்ணன் மகனுக்குப் பிறந்தநாள் என்பது ஞாபகம் வந்து, கேக் விலை பார்க்கப் போகிறார். முக்கால் மணி நேரம் கழித்துப் போனைக் கீழே வைக்கும்போது கேக்கும் சொல்லவில்லை, பில்லும் கட்டவில்லை. சில நாளில் லைன்மேன் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். கணக்கில் பணம் இருந்தது. "படிச்சவதானே, இதுகூடவா மறக்கும்?" என்கிறார் மாமியார்.

இப்படி என்றைக்கோ ஒருநாள் நடந்தால் அது மறதி. சின்ன வயதிலிருந்தே வீடு, வேலை என எல்லா இடத்திலும் நடந்து, பிழைப்பையே பாதித்தால் அது ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம். துறுதுறுவென்று ஓடும் பையனைப் பள்ளி கண்டுபிடித்துவிடும். ஜன்னலோரம் கனவு கண்டபடி அமைதியாக உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டின்படி, பெரியவர்களுக்குக் கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும். ஆனால் அவற்றில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நல்ல மனநல மருத்துவர் பழைய ராங்க் கார்டைக் கேட்பார், அம்மாவிடம் பேச விரும்புவார். தூக்கக் கோளாறு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும் என்பதால் அவற்றையும் பார்ப்பார். இணையத்தில் கிடைக்கும் ஆறு கேள்விப் பட்டியல் வாசற்படிதான். அதை நிரப்பி நீங்களே முடிவுக்கு வரவேண்டாம். பத்தே நிமிடத்தில் மருந்து எழுதித் தரும் மருத்துவரையும் நம்ப வேண்டாம்.

மருந்தில் முதலில் பேசப்படுவது மெத்தில்ஃபெனிடேட். இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணை மருந்து. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. சீட்டை இரண்டு பிரதியாக எழுதித் தர வேண்டும். கடைக்காரர் ஒரு பிரதியை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்காது, கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்காகக் கூச வேண்டியதில்லை. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி எக்ஸ் அட்டவணை மருந்தைப் போனில் பார்த்து எழுத முடியாது. ஆகவே, வீடியோ காலில் பார்த்து வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று எந்தச் செயலியாவது சொன்னால் விலகிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. பரீட்சைக்குப் படிக்கும் தம்பிக்கு ஒன்றிரண்டு மாத்திரை கொடுப்பது உதவியாகாது, சட்டப்படி குற்றம். அமீரகம் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இந்த மருந்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

அட்டமொக்செட்டின் என்ற இன்னொரு மருந்துக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே 'ஒன்றும் வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

மாத்திரை கவனத்தைக் கூட்டும். பில் கட்டுகிற பழக்கத்தைக் கற்றுத் தராது. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர், மருந்து எடுத்தும் தொல்லை தீராத 86 பெரியவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை 12 அமர்வுகள், மற்றவர்களுக்குத் தளர்வுப் பயிற்சியும் விளக்கமும். முதல் குழுவுக்கே கூடுதல் பலன் கிடைத்ததென 2010-இல் வெளியிட்டார்கள்.

அந்தச் சிகிச்சையில் பெரிய மர்மம் எதுவுமில்லை. ஒரே ஒரு நோட்டு, ஒரே ஒரு காலண்டர். துண்டுச் சீட்டுகள் எல்லாம் குப்பைக்கு. பிறகு, சலிப்பான வேலையில் உங்களால் எத்தனை நிமிடம் உட்கார முடிகிறதென்று கடிகாரம் வைத்து அளப்பார்கள். பன்னிரண்டு நிமிடம் என்றால் வேலையைப் பன்னிரண்டு நிமிடத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நடுவில் கேக் ஞாபகம் வருகிறதா? போனைத் தொடாமல் நோட்டில் 'கேக்' என்று எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். மணி அடித்த பிறகு எடுத்துப் பார்த்தால், அவசரமாகத் தோன்றியவற்றில் பல அவசரமே இல்லை. கேட்க அற்பமாக இருக்கும். மூன்றாம் வாரம் சிலர் நோட்டையே தொலைத்துவிட்டு வருவார்கள். அதையும் சேர்த்துத்தான் சிகிச்சை.

இந்தச் சிகிச்சையைத் தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சிலர் மூளை அலைப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். பெரியவர்களுக்கு அதன் பலன் உறுதியாக நிறுவப்படவில்லை. 'நூறு சதவீதம் குணம்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் இழந்தவர்கள் ரசீதோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பணமில்லையே என்று விட்டுவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி சிகிச்சை விவரத்தைக் காக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு. உங்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. சிகிச்சையில் குறை இருந்தால் முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பாளரிடமும், அங்கே பதில் கிடைக்காவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம்.

ஒன்றை மட்டும் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை. அலுவலகத்தில் அதைக் காட்டி உரிமையாகச் சலுகை கேட்க வழி குறைவு. நோயின் பெயரைச் சொல்லாமலே, "வாயால சொன்னத ஒரு மெயில்லயும் போட்டுடுங்க சார்" என்று கேட்கலாம். இதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.