விட்ட மாட்டுக்குத்தான் கணக்கு வேணும்! வாடிவாசல் வீரர்களுக்கு ஒரு 40 பக்க நோட்டு

அலங்காநல்லூர்–

ஒரே ஒரு மாடு!

2024–ம் ஆண்டு ஜனவரி 17–ந் தேதி. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் கடைசிச் சுற்று முடிந்தது. மைக்கில் அறிவித்த கணக்கு இது: கருப்பாயூரணி கார்த்தி 18 காளை. பூவந்தி அபிசித்தர் 17 காளை.

பதினெட்டுக்குக் கார். பதினேழுக்கு அதற்கு அடுத்த பரிசு.

அபிசித்தர் விடவில்லை. கணக்கு சரியில்லை, வீடியோவைப் போட்டுப் பாருங்கள் என்று முறையிட்டார். ஊரெல்லாம் அதே பேச்சு. டீக்கடை பெஞ்சில் ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள்.

பிடித்த மாட்டுக்கு இத்தனை சண்டை. சரி, விட்ட மாடு எத்தனை? அன்று ஒவ்வொரு வீரர் கையிலிருந்தும் நழுவிப் போன மாடுகளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

ஒருவரும் இல்லை. கோளாறே அங்கேதான் இருக்கிறது.

“கை வழுக்கிருச்சுண்ணே!”

மாடு பிடிக்கிற எந்தப் பையனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பிடித்த மாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான். “அந்த மாட்டை ஏன்டா விட்டே?” என்றால் ஒரே பதில்தான்.

“கை வழுக்கிருச்சுண்ணே!”

ஏன் வழுக்கியது? எந்தக் கை? எத்தனையாவது துள்ளலில்? தலையைச் சொறிவான்.

2014–ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டு, 2017–ல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு திரும்பி வந்த விளையாட்டு இது. வரும்போது விதிமுறையோடு வந்தது. திமிலை மட்டும்தான் தழுவலாம். வாலைப் பிடிக்கக்கூடாது. கொம்பில் கை வைக்கக்கூடாது. திமிலைப் பிடித்தபடி 15 மீட்டர் தூரம் போக வேண்டும். அல்லது 30 வினாடி நிற்க வேண்டும். அல்லது மூன்று துள்ளல் தாங்க வேண்டும். ஒன்று தேறினால் போதும். ஆனால் ஒரு ஆள்தான் பிடிக்கலாம். இரண்டு பேர் தொங்கினால் யார் கணக்கிலும் சேராது.

ஆக, மாட்டை விடுவதிலும் வகை இருக்கிறது. முதல் துள்ளலிலேயே கீழே விழுந்தவனுக்குப் பிடியே சரியில்லை. மூன்றாவது துள்ளலில் விழுந்தவனுக்குப் பிடி சரி, தம் இல்லை. நடுவில் இன்னொருத்தன் வந்து தொங்கிக் கெட்டுப்போனால் அது நின்ற இடத்தின் கோளாறு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றையும் “வழுக்கிருச்சு” என்று ஒரே பொட்டலமாகக் கட்டினால், அடுத்த பொங்கலுக்கும் அதே மாடு அதே மாதிரி வழுக்கும்.

விரல் நுனியில் மாட்டுக் கணக்கு

பழைய ஆட்களுக்கு நோட்டு தேவைப்படவில்லை. சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ கதையில் ஒரு கிழவர் வருவார். வாடிவாசல் ஓரத்தில் நின்று, எந்த மாடு என்ன குணம் என்று எடுத்து விடுவார். ஊருக்கு ஊர் அப்படி ஒருத்தர் இருந்தார். மாடுகளும் எண்ணிக்கையில் கம்மி.

இப்போது அலங்காநல்லூரில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான காளைகள் அவிழ்த்து விடப்படுகின்றன. வீரர்கள் நம்பர் போட்ட பனியனில் சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். அதிக மாடு பிடித்தவர்கள்தான் கடைசிச் சுற்றுக்குப் போகலாம். எந்தக் கிழவரால் இத்தனையும் நினைவில் வைக்க முடியும்?

ஆனால் ஒரு வசதி உண்டு. மாடு வெளியே வருவதற்கு முன்னால், இன்ன ஊர், இன்னார் மாடு என்று மைக்கில் சொல்லி விடுகிறார்கள். அதற்குப் பிறகு கிடைப்பது சில வினாடிதான். அந்தச் சில வினாடியில், “இது இடது பக்கம் திரும்புற மாடு, நின்னு பாக்குற மாடு” என்று மனசில் ஓடினால் போதும், கால் தானாக இடம் மாறி நிற்கும். பெயரைக் கேட்டும் ஒன்றும் நினைவுக்கு வராதவன் குருட்டாம்போக்கில்தான் பாய வேண்டும்.

ஜனவரியோடு முடிகிற விவகாரமும் அல்ல. சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி என்று மே மாதம் வரை வாடிவாசல்கள் திறந்தே இருக்கின்றன. இங்கே கை விட்டுப்போன மாடு அங்கே எதிரே வரலாம்.

பெட்டிக்குள் சண்டை

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குத்துச்சண்டை ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்து இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். 2023–ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற அந்தச் சண்டைக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். வாங்கியவர் தென்கொரியாவின் கிம் குவான்–வூ. வயது 44!

அந்த ஆட்டத்தில் ஒரு வினாடிக்கு 60 படம் ஓடுகிறது. கால் வினாடி என்றால் 15 படம். அடி எந்தப் படத்தில் விழுந்தது என்று மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். தோற்ற ஆட்டத்தை இப்படிப் பார்த்து, எதில் அடி வாங்கினோம் என்று எழுதி வைப்பது அவர்களுக்குள் பழக்கம். அங்கே தோற்றால் பட்டனைத் தட்டி அடுத்த ஆட்டம். இங்கே தோற்றால் பெரிய ஆஸ்பத்திரி.

2023 ஜனவரி 16–ந் தேதி பாலமேட்டில் மாடு குத்தி ஒரு வீரர் உயிரிழந்தார். அன்றைக்கு அவர் ஒன்பது காளைகளை அடக்கியிருந்தார். ஒன்பது பிடித்தவனுக்கும் பத்தாவது மாடு புது மாடுதான்.

செல்போன் இருக்கிறதே!

நம் பையன்களிடம் வீடியோ இல்லாமல் இல்லை. கேலரியில் நிற்கிற மச்சான் எடுக்கிறான், மாமா எடுக்கிறார். டி.வி.யில் நேரடியாகக் காட்டுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் ஓட்டிப் பார்ப்பது எதை? மாட்டின் மேல் தொங்கிய காட்சியை. பாட்டுப் போட்டு அனுப்புவதும் அதைத்தான். கீழே விழுந்த காட்சியை அழித்து விடுகிறார்கள். அழிக்கக்கூடாதது அதுதான்!

எழுதுவதிலும் ஒரு அளவு வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பக்கம் பக்கமாக எழுதினால் யார் திரும்பப் படிப்பார்கள்? விட்ட மாட்டுக்கு நாலு வரி. அன்று ராத்திரியே. மறுநாள் ஆகிவிட்டால் நண்பர்கள் சொன்ன கதையும் சேர்ந்து கொள்ளும்.

எழுதி வைத்தது ஜோசியம் அல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும். மாட்டுக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. நீச்சல் பழக்குகிறார்கள், மண்ணைக் குத்த விடுகிறார்கள், தோட்டத்திலேயே வாடி மாதிரி கட்டிப் பழக்குகிறார்கள். போன வருஷம் இடது பக்கம் திரும்பிய மாடு இந்த வருஷம் வலது பக்கம் திரும்பலாம். மாட்டைப் பற்றி எழுதியது பொய்த்தாலும் பொய்க்கும். தன் கையையும் காலையும் பற்றி எழுதியது பொய்க்காது.

2024–ல் ஒரு மாட்டில் பின்தங்கிய அபிசித்தர், ஒரே வாரத்தில், ஜனவரி 24–ந் தேதி கீழக்கரையில் புது மைதானம் திறந்த அன்று 10 காளைகளைப் பிடித்து முதலிடம் வந்தார். 2025 ஜனவரி 16–ந் தேதி அலங்காநல்லூரிலேயே 20 காளைகளை அடக்கி முதல் பரிசை அடித்தார். அவர் நோட்டு போட்டாரோ, மனசில் போட்டாரோ, விட்டதை விடவில்லை!

நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கலாம்? மாதிரிக்கு ஒன்று:

“மூணாவது சுத்து. செவலை மாடு. விரிஞ்ச கொம்பு. வெளியே வந்ததும் நின்னு பாத்துச்சு. நான் அவசரப்பட்டு முன்னாலேயே பாய்ஞ்சேன். வலது கை திமிலுக்கு மேலே விழுந்துச்சு, சுத்தி விழல. ரெண்டாவது துள்ளல்ல போச்சு. இடது கால் எங்கே இருந்துச்சு? தெரியல. மச்சான் போன்ல இருக்கு, நாளைக்குப் பாக்கணும்.”