பொருந்தல் நெல்லும் பழங்கால உழவும்

திண்டுக்கல் ஜில்லாவின் உழவுத் தொழில் எவ்வளவு பழமையானது என்பதற்குத் தக்க சான்று, பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருந்தல் கிராமத்தில் கிடைத்திருக்கிறது. 2009, 2010-ம் வருஷங்களில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கு அகழாய்வு நடத்தினார். பழைய ஈமக்குழியொன்றில், நான்கு கால்களையுடைய ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் வைக்கப்பட்டிருந்தது.

பயிர் உயிருடன் இருக்குங்காலத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளுகிறது. அதிற் சேர்ந்த ஒருவகைக் கரி, பயிர் அறுவடையான பின் ஒரே விகிதமாகக் குறைந்து வரும். எஞ்சிய அளவைக்கொண்டு காலத்தைக் கணிக்கலாம். இம்முறையில் அந்நெல் கி.மு. 490-ஐ ஒட்டியதென்றும், மற்றொரு குழியின் நெல் கி.மு. 450-ஐ ஒட்டியதென்றும் கண்டனர். இறந்தவருக்கென இவ்வளவு நெல்லை ஒதுக்கி வைத்தார்களெனின், அக்காலத்தவர் அத்தானியத்தை எத்துணை மதித்தனர் என்பது விளங்கும்.

கால்நடையும் பயறும்

தென்னாட்டில் மாடு வளர்ப்பு இதனினும் மிக முந்தியது. திமிலுள்ள மாட்டினம் ஏறக்குறைய 8,000 வருஷங்களுக்கு முன் பலூசிஸ்தானத்து மெஹர்கர் பகுதியில் பழக்கப்பட்டது. பெல்லாரி, ராய்ச்சூர் பிரதேசங்களிலுள்ள சாம்பல் மேடுகள், புதிய கற்கால மக்கள் பட்டிகளில் சேர்ந்த சாணத்தை எரித்ததால் உண்டானவை. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் அக்காலத்துக் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. மழை குறைந்த செம்மண் புன்செய்களில் இன்றும் கைகொடுப்பது அக்கொள்ளே. ஆகவே மாடும் பயறும் சேர்ந்த விவசாயம் நம் நிலத்துக்குப் புதிதன்று.

குடியானவர் கவனிக்க வேண்டுவது

இச்சான்றுகள் நூல்களில் இல்லை, வயலடியிலேயே உள்ளன. நிலத்தைச் சமன் செய்யும்பொழுது கல்வட்டங்களை அகற்றுவதும், தாழிகளை உடைத்து உள்ளிருப்பதைக் கொட்டுவதும் பல ஊர்களில் வழக்கம். பொருந்தல் ஜாடி அவ்வாறு உடைபட்டிருப்பின், அந்நெல் மண்ணோடு மண்ணாகியிருக்கும்; கி.மு. 490 என்ற காலமும் நமக்குத் தெரிந்திராது.

ஆதலால் தாழி, கல்லறை முதலியன தென்பட்டால் அவ்விடத்தில் வேலையை நிறுத்துதல் நலம். பாண்டத்தைக் கழுவவோ காலி செய்யவோ கூடாது. சர்வே நம்பரைக் குறித்துக் கிராம அதிகாரிக்கும் தாசில்தாருக்கும் தெரிவிக்க வேண்டும். மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டுமென 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் விதிக்கிறது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், முன்னோர் விதைத்ததன் கணக்கு அழியாமல் நிற்கும்.