கிளச்சில் காற்று ஏறினால் என்ன செய்வது?

நமது தோட்டப் பகுதிகளில் சொந்தமாக வேன், லொறி வைத்து ஓட்டிப் பிழைக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும், மரக்கறி மூட்டை கொண்டு போவதும், இராத்திரி நேரத்தில் நோயாளியைத் தெல்தெனியவுக்கோ கண்டிக்கோ சேர்ப்பதும் இந்த வண்டிகள்தான். வண்டி நின்றால் வீட்டு வருமானம் மட்டுமல்ல, லயத்தில் உள்ள பத்துக் குடும்பத்தின் காரியமும் நின்றுவிடும்.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் நின்று பாருங்கள். ஒரு பாதை கண்டிக்குப் போகிறது. ஒரு பாதை 18 வளைவு என்று பேர் பெற்ற இறக்கத்தின் வழியாக மஹியங்கனைக்குப் போகிறது. இன்னொன்று கோபட்ஸ் கெப் வழியாக மீமுரேக்கு ஏறி இறங்குகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்ற இறக்கந்தான். வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும், அதற்குக் கிளச் சரியாக இருக்க வேண்டும். ஆகவே வாசக அன்பர்களே, இந்த இதழில் கிளச்சில் ஏறிய காற்றை வெளியே எடுக்கும் முறையைப் பார்ப்போம். சாரதிகள் இதை ‘எயார் எடுக்கிறது’ என்பார்கள்.

காற்று என்ன கெடுதல் செய்கிறது?

த்ரீவீலருக்குக் கம்பி கிளச். அதில் இந்த வேலை கிடையாது. ஆனால் பெரும்பாலான வேன்களுக்கும் லொறிகளுக்கும் ஒயில் கிளச்தான். பெடலை மிதித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும். அந்த ஒயில் குழாய் வழியாகப் போய், கியர் பொக்ஸ் பக்கத்தில் உள்ள கீழ்ச் சிலிண்டரைத் தள்ளும். அது கிளச்சை விலக்கும்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று பிரான்ஸ் நாட்டு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். ஊசி போடாத புது சிரிஞ்சில் தண்ணி நிரப்பி, நுனியை விரலால் அடைத்து அமுக்கிப் பாருங்கள். அசையாது. அதே சிரிஞ்சில் காற்றை வைத்து அமுக்கினால் பாதி தூரம் உள்ளே போய்விடும். கிளச்சிலும் இதே கதைதான். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, கீழ்ச் சிலிண்டருக்கு மிச்சம் ஒன்றும் போவதில்லை.

அடையாளம் என்ன?

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். முதலாம் கியரும் ரிவர்சும் ‘கர்ர்’ என்று சத்தம் போடும். இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்தால் கியர் விழும். அப்படியென்றால் காற்றுதான்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்திருக்கலாம். பெடல் நன்றாக இருந்து, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காமல் நின்றால், அது கிளச் தட்டு தேய்ந்த குறை. அதற்கு எயார் எடுத்துப் பலனில்லை.

முதலில் கசிவைத் தேடுங்கள்

முக்கியமான விசயம் இதுதான். காற்று சும்மா உள்ளே வராது. ஒயில் வெளியே போன வழியாகத்தான் பெரும்பாலும் காற்று உள்ளே வரும். எனவே பெடலுக்கு மேலே, கால்மிதிக்கு அடியில், கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையில், ரப்பர் குழாயின் இரண்டு முனையிலும் ஈரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பாகத்தை மாற்றாமல் எயார் மட்டும் எடுப்பது, ஓட்டை வாளியில் தண்ணி நிரப்புவது போலத்தான். இன்றைக்குச் சரியாகும், நாளைக்கு வளைவில் கைவிடும்.

செய்யும் முறை

தேவையானவை: நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பெனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.), உள்ளே தெரியக்கூடிய மெல்லிய ரியூப், ஒரு கண்ணாடிப் போத்தல், சீல் உடைக்காத பிரேக் ஒயில், உதவிக்கு ஒரு ஆள். தாங்கியின் மூடியில் டொட் 3, டொட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை ஆற விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். கெட்டியான ஸ்டாண்ட் வேண்டும்.

2. தாங்கியைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்து, மேல் கோடு வரை ஒயில் ஊற்றுங்கள்.

3. கீழ்ச் சிலிண்டரில் உள்ள நிப்பிளைத் துடைத்து, ஸ்பெனரை மாட்டி, ரியூப்பைச் செருகுங்கள். ரியூப்பின் மறுமுனை, போத்தலில் ஓர் அங்குலம் ஊற்றிய ஒயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும்.

4. இனி இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்ய வேண்டும். “தம்பி, மிதி.” அவர் மெதுவாக அடி வரை மிதித்து, “பிடிச்சிருக்கேன் அண்ணே” என்று சொன்ன பிறகுதான் நிப்பிளை அரைச் சுற்று திறக்க வேண்டும். குமிழி வெளியே வரும். உடனே நிப்பிளை மூடிவிட்டு, “இப்ப விடு” என்று சொல்லுங்கள். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பெடல் தானாக எழும்பாவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள்.

5. ஐந்து தரத்துக்கு ஒருமுறை தாங்கியைப் பாருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

6. குமிழி இல்லாமல் சுத்த ஒயில் மட்டும் வந்தால் வேலை முடிந்தது. நிப்பிளை அளவாக இறுக்குங்கள். பலமாகத் திருகினால் உடைந்து போகும். தாங்கியை நிரப்பி மூடி, எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால், அல்லது கீழ்ச் சிலிண்டர் கியர் பொக்ஸுக்கு உள்ளே இருக்கும் வண்டியில் ஒயில் கசிந்தால், கராஜுக்குத்தான் போக வேண்டும்.

இறக்கத்தில் கிளச் போனால்?

பதற வேண்டாம். கியரிலிருந்து எடுக்காதீர்கள். கியரில் இருக்கும் வரை எஞ்சின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலுக்கு வந்துவிட்டால் திரும்பக் கியர் விழாது, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்துங்கள். கியரிலேயே எஞ்சின் நின்றுவிடும். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே தாங்கிதான். ஒயில் குறைந்திருந்தால் இரண்டையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வீட்டில் கவனம்

பிரேக் ஒயில் நஞ்சு. மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்து வாசலில் வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணியென்று எடுத்துக் குடித்துவிடும். பீலிக்கரையிலும் ஆற்றிலும் ஊற்றவே கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணி விட்டுக் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள். பெயின்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணியால் கழுவுங்கள். திறந்த போத்தல் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 பாகைக்கே இறங்கிவிடலாம். பழைய ஒயில் மலைப்பாதை பிரேக்குக்கு ஆகாது என்பது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஒரு போத்தல் ஒயிலும் அரை மணி நேரமும் இருந்தால் நாமே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் அடுத்த நாள் காலையில் தாங்கியைத் திரும்பப் பாருங்கள். ஒயில் இறங்கியிருந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.