புகலிடத்தில் பதிப்பித்தல்: நியூ பீக்கன் புக்ஸை முன்வைத்து

புகலிடத்தில் நாம் புத்தகம் போடுவது பெரும்பாலும் எமது எழுத்தை அச்சில் பார்ப்பதற்காகவே. வெளியீட்டு விழா முடிந்ததும் மிகுதிப் பிரதிகள் கட்டிலின் கீழே போய்விடும். எனது இரண்டு நூல்களும் அங்கேதான் கிடக்கின்றன. ஊரில் விரிவுரையாளனாக இருந்து, இங்கே பக்டரியில் பெட்டி அடுக்கும் எனக்கு, இலண்டனின் கரிபியன் மக்களிடையே எழுந்த ஒரு பதிப்பகத்தின் வரலாறு சில கேள்விகளை எழுப்பியது.

நியூ பீக்கன் புக்ஸ் 1966இல் ஜோன் லா றோஸ், சேரா வைற் ஆகிய இருவராலும் தொடங்கப்பட்டது. லா றோஸ் திரினிடாட் தொழிற்சங்கவாதி. 1961இல் பிரித்தானியா வந்தவர். 1930களில் திரினிடாட்டில் வெளிவந்த 'த பீக்கன்' சஞ்சிகையின் நினைவாகவே பதிப்பகத்துக்குப் பெயரிட்டனர். வீட்டிலிருந்து தொடங்கிய முயற்சி, 1973இல் பின்ஸ்பரி பார்க் பகுதியின் ஸ்ரவுட் கிறீன் வீதியில் கடையாக அமைந்தது.

இவர்கள் 1969இல் செய்த காரியமே என்னைக் கவர்ந்தது. ஜே.ஜே. தோமஸ் என்ற திரினிடாட்டுக் கறுப்பினப் பள்ளி ஆசிரியரின் இரு நூல்களை மறுபதிப்புச் செய்தனர். ஒன்று, கொச்சையென இகழப்பட்ட கிறியோல் மொழிக்கு அவர் 1869இல் எழுதிய இலக்கணம். மற்றது, கறுப்பர் சுயாட்சிக்குத் தகுதியற்றவர் என வாதிட்ட வரலாற்றாசிரியர் புறூட்டுக்கு 1889இல் அவர் அளித்த மறுப்பு. இதற்கு சி.எல்.ஆர். ஜேம்ஸ் முன்னுரை எழுதினார்.

காலனித்துவம் நினைவின் தொடர்ச்சியை அறுக்கிறது, அதனால் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்தே தொடங்க நேர்கிறது என்பது லா றோஸின் வாதம். அறுந்த இழையை முடிவதே பதிப்பாளரின் பணி. நிகழ்காலத்தையும் அவர்கள் கைவிடவில்லை. கரிபியன் பிள்ளைகள் மந்தபுத்தியுடையோர் எனத் தவறாக முத்திரை குத்தப்பட்டு வேறு பள்ளிகளுக்குத் தள்ளப்பட்டதை அம்பலப்படுத்திய பேர்னாட் கோர்ட்டின் சிறுநூல் 1971இல் இங்கிருந்தே வந்தது.

சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை அச்சேற்றிய மரபு எமக்கும் உண்டே என்பீர்கள். உண்மைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பின் எமது இழையும் அறுந்தது. 2005 முதல் 'நூலகம்' திட்டம் பழைய நூல்களை மின்வடிவில் சேர்த்துவருகிறது, அரிய பணி. ஆனால் சேமிப்பது வேறு, பதிப்பிப்பது வேறு. இது இன்று ஏன் வாசிக்கப்பட வேண்டும் என்று ஒருவர் தேர்ந்து, முன்னுரை எழுதி, அடுத்தவர் கையில் கொடுக்கும்போதே பழைய நூல் மறுபடி விவாதத்துக்கு வருகிறது.

எனது மூன்றாவது நூலை ஒத்திவைத்துள்ளேன். இரவுவேலை இடைவேளைகளில், மறக்கப்பட்ட ஈழத்து நூலொன்றுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எந்த நூலைத் தேர்வீர்கள்?