மைக்ரோகிராமில் விற்கும் சரக்கு

குடலின் உட்சுவர்க் கலங்களில் கொழுப்பமிலத்தைச் சுமக்கும் சிறு புரதமொன்று உண்டு. குடல் சேதமடைந்தால் அது இரத்தத்தில் கசியும். அதை அளக்கும் ஆய்வுகூடத்துக்கு, நமது தராசுக்குப் படிக்கல் போல, அளவு தெரிந்த அதே புரதம் தேவை. இதை மனித உடலிலிருந்து எடுப்பதில்லை. மனித மரபணுவைப் பெரும்பாலும் ஈ.கோலை பற்றீரியாவில் புகுத்தி வளர்த்து, பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள்.

விற்பனை மைக்ரோகிராமில், ஒரு கிராமுக்கு 10 இலட்சம் மைக்ரோகிராம்! விலையைக் கேட்டதுமே இலாபக் கணக்குப் போடும் நண்பர்களுக்கு நான் சொல்வது, முதலில் குளிரைக் கவனியுங்கள் என்பதுதான். வழக்கமாகப் பூச்சியத்துக்குக் கீழே 20 அல்லது 80 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப உருகி உறைந்தால் சரக்குக் கெடும். குப்பியைப் பார்த்தால் தெரியாது. லேபலில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்றிருந்தால், நோயாளரின் பரிசோதனைக்கென அதை விற்கக் கூடாது.