சுடுதண்ணீர் இருக்கிறதா, சார்?

கேமரன் மலையில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்க நினைப்பவர்கள் தொலைபேசியில் முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. கட்டில் எத்தனை என்பது மூன்றாவது. முதல் கேள்வி, "சுடுதண்ணீர் இருக்கிறதா, சார்?" என்பதுதான்.

இருக்கிறது, வாசகர்களே. ஆனால் "இருக்கிறது" என்று நான் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை சங்கதி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் மலைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது உங்களுக்குப் பயன்படும்.

தானா ராத்தா பட்டணத்தை விட்டுச் சற்று விலகி, சரிவில் இருக்கிறது எங்கள் விடுமுறை வீடு. என் மாமனார் காய்கறி பயிரிட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியது. அவர் காலமான பின் என் மனைவிக்கு வந்தது. மூன்று அறை, ஒரு கூடம், இரண்டு குளியலறை. நாங்கள் பள்ளிக்கு அருகிலேயே குடியிருப்பதால் இந்த வீட்டை வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வாடகைக்கு விடுகிறோம். கணக்கு, படுக்கை விரிப்பு, விருந்தாளிகளின் பசியாறல் எல்லாம் மனைவியின் இலாகா. குழாய், பம்பு, விளக்கு, வயர் எல்லாம் என்னுடையது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? பின்கட்டில் எனக்கென்று ஒரு மேசை உண்டு. ஈயம் பற்றவைக்கும் கோல், மீட்டர், திருப்புளிகள், கழற்றிப் போட்ட நாலைந்து வானொலிகள். "இந்த மேசையைத் தவிர வீடு முழுவதும் சுத்தமாக இருக்கிறது" என்பாள் மனைவி.

இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் இங்கே நில அளவை செய்தது 1885ஆம் ஆண்டு. பின்னால் சாலை வந்தது, தேயிலை வந்தது, பங்களாக்கள் வந்தன. கீழே வெயிலில் ரப்பர்த் தோட்டம் நடத்திய துரைமார் குடும்பத்தோடு வந்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் இடமாக இது இருந்தது. அப்படிப்பட்ட ஒரு விடுமுறை பங்களாவிலிருந்துதான் தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26ஆம் தேதி வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. இரவில் மூடுபனி இறங்கியதும் விருந்தாளிகளின் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, குளியலறைக்குக்கூடத் தனியாகப் போக மறுக்கிறார்கள்!

அந்நாளில் துரைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சொந்தச் செலவில் விருந்தாளியாக வருகிறார்கள். அதைப் பார்ப்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை எழுதி முடியாது. சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகனும் மருமகளும் தொழிற்சாலையில் வேலை. கூடவே மகனின் தகப்பனார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர். காலை ஏழு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"குளிக்கவில்லையா, பெரியவரே?" என்றேன்.

"கரண்டுல சுடுற தண்ணியாமே, வாத்தியாரய்யா. கரண்டும் தண்ணியும் ஒரே பொட்டிக்குள்ள இருக்குதுன்னா நான் எப்படி அதுக்கடியில போயி நிக்கிறது?"

மகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பல பட்டதாரிகள் கேட்காத கேள்வி.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் மின்சாரத்தின் மீது ஒரு பயம் கலந்த மரியாதை இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு மாலை ஆறு மணிக்கு இஞ்சின் அறையிலிருந்து கரண்டு வரும். பத்து மணிக்குப் போய்விடும். அந்த நான்கு மணி நேரத்தில் படிக்கிறவன் படிப்பான், இஸ்திரி போடுகிறவன் போடுவான். இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் கரண்டு இருக்கிறது. பயம் போய்விட்டது. மரியாதையும் கூடவே போய்விட்டது.

முதலில் சுடுதண்ணீர்க் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் ஹீட்டர் சரியில்லை, சார். எங்கள் வீட்டில் இதே கம்பெனி ஹீட்டர் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்கிறது" என்று கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வருகிறவர்கள் குறை சொல்வதுண்டு. குழாயைத் திறந்தவுடன் சூடாக்கும் இந்தப் பெட்டிகளின் சக்தி பெரும்பாலும் 3.6 கிலோவாட். நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் ஓடினால் அதன் சூட்டை ஏறக்குறைய 26 டிகிரி உயர்த்தும். 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரிதான். கீழே குழாய்த் தண்ணீரே 27 டிகிரி இருக்கும். 17ஐக் கூட்டினால் 44. குளிக்க அது தாராளம். எங்கள் குழாய்த் தண்ணீரைக் காலையில் என் தெர்மாமீட்டரில் பார்த்தால் 17, 18 டிகிரி. அதே 17ஐக் கூட்டினால் 35தான் வருகிறது. உடம்பைவிடக் குறைந்த சூடு, நடுங்கத்தான் செய்யும். ஹீட்டர்மேல் குற்றமில்லை. குழாயைப் பாதியாகத் திருகித் தண்ணீரைக் குறைத்தால் சூடு தானே ஏறும். குளியலறைக் கதவில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். படிப்பவர்கள் சிலர், படிக்காமல் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறவர்கள் பலர்.

(சமையலறையிலும் மலை தன் வேலையைக் காட்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரமாகும். குக்கர் இல்லாமல் முடியாது. இட்லி மாவோ இந்தக் குளிரில் பொங்கவே பொங்காது. என் மனைவி மாவுப் பானையைச் சோற்றுப் பானையின் கதகதப்பில் வைத்துத் துணி போர்த்திவிடுவாள். விருந்தாளிகள் கேட்டு எழுதிக்கொண்டு போவது என் கணக்கை அல்ல, அவளுடைய இந்த உபாயத்தைத்தான்.)

நிற்க. பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது மனிதனைக் காப்பவை இரண்டு. ஒன்று, பச்சை மஞ்சள் கோடு போட்ட எர்த் வயர். பழைய வீடுகளில் அது முழுப் பச்சையாக இருக்கும். பெட்டிக்குள் கரண்டு கசிந்தால், உங்கள் உடம்பைத் தேடி வராமல் அந்த வயர் வழியாகப் பூமிக்கு இறங்கிவிடும். இரண்டாவது, மெயின் பெட்டியில் இருக்கும் இ.எல்.சி.பி.; இப்போது ஆர்.சி.சி.பி. என்று சொல்கிறார்கள். அது செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்த வேலைதான். காலைப் பெரட்டில் கிராணி ஆட்களை எண்ணி அனுப்புகிறார். திரும்பும்போதும் எண்ணுகிறார். ஒரு தலை குறைந்தால் உடனே சங்கு ஊதி வேலையை நிறுத்துகிறார். அதைப்போல ஒரு வயரில் போன கரண்டு இன்னொரு வயரில் முழுசாகத் திரும்புகிறதா என்று அது விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். குறைந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறதென்று எடுத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

"பியூஸ்தான் இருக்கிறதே, சார்" என்பார்கள். பியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. பிளக்கில் உள்ள பியூஸ் 13 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். மனித உயிர் போக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால்தான் பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணையும் கருவியும், ஈரத்தில் நின்று பயன்படுத்தும் சுடுதண்ணீர்ப் பெட்டிக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே அணையும் கருவியும் வைக்க வேண்டும் என்கிறார்கள். பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியரில் ஒன்று மட்டும் இருக்கும். ஆளைக் காக்க அதை நம்பியிருக்க முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை வந்தது. சனிக்கிழமை இரவு, நல்ல மழை, வீடு நிறைய விருந்தாளிகள். எட்டு மணிக்கு எல்லாம் அணைந்துவிட்டது. மேலே தள்ளிவிட்டால் ஐந்து நிமிடம் நிற்கும், மறுபடி விழும். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் வந்திருந்தவர்களில் ஒருவர், தாம் மின்சார வேலை தெரிந்தவர் என்றும், அந்தக் கருவியைத் தாண்டி ஒரு வயரைப் போட்டுவிட்டால் விடியும்வரை கவலையில்லை என்றும் சொல்லித் திருப்புளியைக் கையில் எடுத்திருந்தார்.

"தம்பி, அதைக் கீழே வையுங்கள்" என்றேன்.

"ஒரு ராத்திரிதானே, சார்? பிள்ளைகள் இன்னும் குளிக்கவில்லை" என்றார்.

பிள்ளைகள் குளிக்கவில்லை என்பதுதான் என் கவலையும். எல்லாச் சிறு ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் காரணம் பிடிபடவில்லை. சும்மா இருக்கும்போதும் விழுந்தது. இப்படி ஆனால் அது கெட்டிக்கார வயர்மேன் பார்க்க வேண்டிய கோளாறு. ஹீட்டர்கள் இரண்டையும் நிறுத்தினேன். கேஸ் அடுப்பில் பெரிய பானை வைத்து நானும் மனைவியும் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் சுமந்தோம். வாடகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இருந்தும் ஊருக்குப் போன பிறகு, "சுடுதண்ணீர் இல்லாத வீடு" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். அந்த மாதம் இரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. வருத்தம்தான். ஆனால் அதே நிலை நாளை வந்தாலும் அதே பானையைத்தான் அடுப்பில் வைப்பேன்.

திங்கட்கிழமை பதிவு பெற்ற வயர்மேன் வந்து பார்த்தார். தோட்டத்து விளக்கின் இணைப்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தாலும் விழுந்ததன் காரணம் அதுதான். அந்த ஸ்விட்சு லைவ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் அப்படியே இருக்கும். பெட்டியை மாற்றி, ஹீட்டர்களுக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் கருவிகளையும் பொருத்தச் சொன்னேன். செலவைக் கேட்டு மனைவி ஒரு நாள் பேசவில்லை. கூடத்துக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்க வைத்திருந்த பணம் அது.

விருந்தாளியின் கண்ணுக்குத் தெரிகிற பொருளில் பணம் போட்டால் அவர் புகழ்ந்து எழுதுவார். தெரியாத பொருளில் போட்டால் ஒருவரும் எழுத மாட்டார். இது இந்தத் தொழிலின் பெரிய கோணல். கைப்பேசியால் திறக்கும் பூட்டு, குரல் கொடுத்தால் எரியும் விளக்கு எல்லாம் என்னிடம் விற்க வந்தார்கள். பூட்டு வாங்கினேன், நள்ளிரவில் சாவி கொடுக்க மோட்டார் சைக்கிளில் வரும் பாடு மிச்சம். பேசும் விளக்கு வேண்டாமென்றேன். வீட்டுக்குள் கேமரா வைக்கச் சொன்னவரை வாசலோடு அனுப்பினேன். ஒரு குடும்பம் வந்து காலை நீட்டி உட்காரும் இடத்தை நான் எட்டிப் பார்ப்பதா?

கூடத்தில் என் தகப்பனாரின் சிற்றலை வானொலி ஒன்று இருக்கிறது. பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு சிற்றலையில் நின்றுவிட்டது. இருந்தாலும் நான் அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. அதற்கு இப்போது வேறு உத்தியோகம். மத்திய அலையில் வைத்து, மலிவான சார்ஜர், எல்.இ.டி. விளக்கு இவற்றின் அருகே கொண்டுபோனால் சிலவற்றுக்குப் பக்கத்தில் வண்டு போல இரையும். மலிவுச் சரக்கின் உள்ளே இரைச்சலை அடக்கும் பாகங்களை விட்டுவிடுவது வழக்கம். அதிகமாக இரைவதை நான் விருந்தாளி அறையில் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. அந்தப் பெரியவரின் பேத்தி வீடு முழுக்க வானொலியைத் தூக்கிக்கொண்டு அலைந்து ஒரு சார்ஜரைப் பிடித்துக் கொடுத்தாள். அது அவளுடைய அப்பாவுடையது!

பெரியவரை மெயின் பெட்டியின் முன் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பெரட்டுக் கதையைச் சொன்னேன். பிறகு அந்தக் கருவியில் 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று எழுதியிருக்கும் சின்னப் பொத்தானை அவரையே அமுக்கச் சொன்னேன். டப்பென்று வீடு இருண்டது. "கிராணி முழிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றார். அப்புறம்தான் குளிக்கப் போனார். வெளியே வர அரைமணி நேரமாயிற்று.

உங்கள் வீட்டிலும் அந்தப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் அணையாவிட்டால் கருவி செத்துவிட்டது. அன்றே பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அணைந்தால் கருவி வேலை செய்கிறது. ஆனால் எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது. அதை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹீட்டரைச் சாதாரண பிளக்கில் செருகியிருந்தால் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். 3.6 கிலோவாட்டுக்கு 15 ஆம்பியர் வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கு அதைத் தாங்காது, உருகும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும், தோட்டத்து வீடாக இருந்தால் நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் உங்கள் பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சொன்னால் எழுதித் தருவார். நான் இதுவரை நாலைந்து கடிதம் எழுதியிருக்கிறேன்; இரண்டுக்கு வயர்மேன் வந்தார்.