நீந்துவோனும் மணிக்கூடும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கின் உண்மையை உலகம் ஒருமுறை நீச்சல் தடாகக் கரையிலே கண்டது.

1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் ஒலிம்பிக் விளையாட்டு விழா நடைபெற்றது. ஆடவருக்கான 100 மீற்றர் பிரீஸ்டைல் இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியரான ஜோன் டெவிற்றும் அமெரிக்கரான லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒரே கணத்திற் சுவரைத் தொட்டனர். முந்தியவர் யார்?

முதலிடத்தைக் கவனிக்க மூன்று நடுவர் இருந்தனர். அவருள் இருவர், முதலாவதாக வந்தவர் டெவிற் என்றனர். இரண்டாமிடத்தைக் கவனிக்க வேறு மூன்று நடுவர் இருந்தனர். அவருள்ளும் இருவர், இரண்டாவதாக வந்தவர் டெவிற் என்றனர்! நேரம் பார்த்தவர்களை விசாரித்தபோது, டெவிற்றுக்குரிய மூன்று கடிகாரங்களும் 55.2 செக்கன் என்றன. லார்சனுக்குரியவையோ 55.0, 55.1, 55.1 என்றன. உத்தியோகபூர்வமாக ஏற்கப்படாதிருந்த இலத்திரனியற் கருவியும் லார்சனே முந்தினார் எனக் காட்டியது. ஆயினும் தலைமை நடுவர் டெவிற்றையே வெற்றியாளராக்கினார். லார்சனுடைய நேரமும் 55.2 செக்கன் எனப் பதியப்பட்டது. அமெரிக்கர் செய்த முறையீடு பயனளிக்கவில்லை.

அந்நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. 100 மீற்றரை 55 செக்கனிற் கடப்பவன் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் முன்னேறிவிடுகின்றான். அஃது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரம். நுரையும் திவலையும் எழும் நீரில் அவ்வளவு தூரத்தை மனிதக் கண் எவ்வாறு பிரித்தறியும்? கண் கண்டதை மூளை உணர்ந்து, விரல் கடிகாரத்தை அமுக்குவதற்கும் சிறிது நேரம் கழிகின்றது. குறை மனிதரிடத்திலன்று, மனிதப் புலன்களின் எல்லையிலேயே இருந்தது.

சுவரே சாட்சி

இக்குறையை நீக்கச் சுவரையே சாட்சியாக்கினர் விஞ்ஞானிகள். ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் நீரினுள் ஒரு மெல்லிய தொடுபலகை தொங்கவிடப்பட்டது. நீந்துவோனின் கை அதனை அமுக்கியதும் மின்சுற்று இயங்கி மணிக்கூட்டை நிறுத்திவிடும். அலை மோதினால் அஃது அசையாது; கை அழுத்தினால் மட்டுமே இயங்கும். 1967இல் கனடாவின் வினிப்பெக் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் அப்பலகை இடம்பெற்றது. அடுத்த ஆண்டிலே மெக்ஸிக்கோ ஒலிம்பிக்கிலும் அது புகுந்தது.

ஆனால் அளவை நுட்பமாக நுட்பமாக, புதியதொரு சிக்கல் எழுந்தது. 1972இல் மியூனிச் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சன் 4 நிமிடம் 31.981 செக்கனிலும், அமெரிக்காவின் ரிம் மக்கீ 4 நிமிடம் 31.983 செக்கனிலும் முடித்தனர். ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் ஒருவருக்குத் தங்கமும் மற்றவருக்கு வெள்ளியும் கிடைத்தன. அவ்வேகத்தில் அந்நேரத்துக்கு ஈடான தூரம் மூன்று மில்லிமீற்றர் மட்டுமே. ஆனால் 50 மீற்றர் தடாகமொன்றைக் கட்டும்போது, ஒரு தடத்தின் நீளம் 3 சென்ரிமீற்றர் வரை கூடுதலாயிருக்கவும் விதி இடங்கொடுத்தது. தடமே அவ்வளவு வேறுபடக்கூடுமெனின் ஆயிரத்திலொரு பங்கைக் கணக்கிட்டுப் பயனென்ன? இதனை உணர்ந்து, பின்னர் நூறிலொரு பங்குடன் கணக்கை நிறுத்தினர். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நான்சி ஹொக்ஸ்ஹெட், கரி ஸ்ரைன்சைபர் என்னும் இரு மங்கையர் 100 மீற்றரை 55.92 செக்கனில் முடித்தபோது இருவருக்கும் தங்கமே வழங்கப்பட்டது. எங்கே அளப்பது என்பதோடு எங்கே நிறுத்துவது என்பதையும் அறிவதே அளவையின் இலக்கணமாகும்.

ஆசிரியராகிய மணிக்கூடு

போட்டி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கான பயிற்சியோ பல்லாண்டுக் காலம் நீள்கின்றது. போட்டியில் நீதிபதியாக வீற்றிருக்கும் மணிக்கூடு, பயிற்சியில் ஆசிரியராக மாறுகின்றது.

தடாகக் கரையில் நிற்கும் பெரிய மணிக்கூட்டைப் பலர் கண்டிருப்பர். அதன் செக்கன் முள் நெடுந்தூரத்துக்கும் தெரியும்படி சுற்றிக்கொண்டேயிருக்கும். அவுஸ்திரேலியப் பயிற்றுநரும் உடற்றொழிலியல் அறிஞருமான போர்ப்ஸ் கார்லைல், அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்துப் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மன் ஆகிய இருவரின் பெயர்களும் இதனை வழக்கிற் கொணர்ந்தோர் வரிசையிற் பேசப்படுகின்றன.

இதன் பயன் பெரிது. 100 மீற்றரை எட்டுமுறை நீந்தவேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படவேண்டும் எனப் பயிற்றுநர் கட்டளையிடுகின்றார் என்போம். ஒரு நிமிடம் நாற்பது செக்கனில் வந்து சேர்பவனுக்கு இருபது செக்கன் ஓய்வு உண்டு. சோம்பி நீந்தினால் ஓய்வு குறையும். முதல் முறையிலேயே மூச்சிரைக்க விரைந்தால் எட்டாம் முறையில் முள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே தடத்தில் ஐந்து அல்லது பத்துச் செக்கன் இடைவெளியிற் புறப்படும் பலரும் தத்தம் நேரத்தைத் தாமே வாசித்துக்கொள்வர். ஒரே பயிற்றுநர் பெருங்கூட்டத்தைப் பயிற்றுவிக்கவும் இயலும்.

எனினும் நேரம் மட்டும் முழுக்கதையையும் சொல்லாது. இரு மாணவர் 50 மீற்றரை 40 செக்கனில் நீந்துகின்றனர் என்று கொள்வோம். ஒருவன் 40 முறை கைவீசுகின்றான்; மற்றவன் 50 முறை வீசுகின்றான். மணிக்கூட்டுக்கு இருவரும் சமமே. ஆனால் முன்னவன் ஒரு வீச்சில் ஒன்றேகால் மீற்றர் செல்ல, பின்னவன் ஒரு மீற்றரே செல்கின்றான். பின்னவனுக்கு வேண்டியது கூடுதல் பலமா, செம்மையான கைவீச்சா என்று பயிற்றுநர் ஆராயத் தொடங்குவது இவ்விடத்திலேதான்.

நீருக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

இன்று இக்கணக்கையெல்லாம் கைக்கடிகாரமே பார்க்கின்றது. நிலத்தில் ஓடுவோனின் தூரத்தைச் செய்மதிகளின் துணையால் அளக்கலாம். ஆனால் அவை அனுப்பும் வானொலி அலைகள் நீரைத் துளைத்துச் செல்வதில்லை. ஆகவே தடாகத்தில் வேறு வழி தேவையாயிற்று. கடிகாரத்துள் அமைந்த ஆர்முடுகல்மானி, கையின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து வீச்சுகளை எண்ணுகின்றது. சுவரில் உதைத்துத் திரும்பும்போது ஏற்படும் மாறுதலைக் கொண்டு ஒரு சுற்று முடிந்ததென அறிகின்றது. சுற்றுகளின் தொகையைத் தடாகத்தின் நீளத்தாற் பெருக்கித் தூரத்தைக் கூறுகின்றது.

கணக்கப்பிள்ளை கெட்டிக்காரனாயினும் பிழை விடாதவனல்லன். தடாகத்தின் நீளத்தைத் தவறாகப் பதிந்தால் கணக்கு முழுவதும் தவறும். நடுவழியில் நின்றாலும், மிதவைப் பலகையைப் பற்றிக் காலை மட்டும் அடித்து நீந்தினாலும் அவன் தடுமாறக்கூடும். நீந்தும்போதே கண்முன் நேரத்தைக் காட்டும் நீச்சற் கண்ணாடிகளும் இப்போது உள்ளன. நீருக்கடியில் வைத்த கமராக்கள், புறப்பாட்டையும் திரும்பலையும் தனித்தனியே ஆராய உதவுகின்றன. பிரீஸ்டைல் முதலியவற்றில், புறப்பட்டபின் 15 மீற்றருக்குள் தலை நீருக்கு மேலே வந்துவிட வேண்டுமென்பது விதி. அப்பகுதிக்கான நேரத்தைப் பயிற்றுநர் தனியே குறிப்பதுண்டு. நடுவழியில் எவ்வளவு வேகமாக நீந்துபவனும் அங்கே பின்தங்குவானாயின், அவனுடைய பயிற்சி எங்கே வேண்டப்படுகின்றது என்பது தெளிவாகும்.

இத்தனை எண்கள் கிடைப்பது நன்மையா, தீமையா? அது பயன்படுத்துவோனைப் பொறுத்தது. பத்து எண்களை ஒருங்கே கேட்ட சிறுவன் ஒன்றையும் திருத்தமாட்டான். ஒன்றைச் சொன்னால் அதனைத் திருத்துவான். நீந்தி முடித்ததும் மணிக்கூட்டைப் பார்க்குமுன், "எத்தனை செக்கன் ஆகியிருக்கும்?" என்று தன்னையே கேட்டு விடை கூறிப் பழகுவதும் நன்று. விடையும் முள்ளும் நாளடைவில் ஒன்றுபடுமாயின், வேகம் அவன் உடலிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பது பொருள். போட்டியில் அவனுக்குத் துணையாவது அவ்வுணர்வே.

விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. செக்கன் முள்ளுள்ள ஒரு மணிக்கூடும், நேரத்தையும் வீச்சுத் தொகையையும் நாள்தோறும் குறிக்க ஓர் அப்பியாசக் கொப்பியும் இருந்தாற் போதும். மூன்று மாதத்தின் பின் அக்கொப்பியைப் புரட்டுபவனுக்குத் தன் முன்னேற்றமும் சோர்வும் கண்ணாடியிற்போலத் தெரியும்.

அன்று ரோமாபுரியில் லார்சனுக்கு வேண்டியிருந்தது ஐயத்துக்கிடமற்ற ஒரு சாட்சி. இன்றைய சிறுவனைச் சூழப் பல சாட்சிகள் நிற்கின்றன. நடந்தது யாது என்று அவை உண்மையாகக் கூறும். இனி நடக்க வேண்டியது யாது என்பதைக் கூற வேண்டியவர்கள் நீந்துபவனும் அவனுடைய பயிற்றுநருமே.